சொர்ணவாரிக்கு முன்னால் ஒரு முடிவு எடுங்கள்: வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர், சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியம்
தலைமைப் பொறியாளர், நீர்வளத் துறை, சென்னை மண்டலம்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரிகள் வறண்ட கோடைகளில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்கு எடுத்து, மோட்டார் ஓடும் மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்தப் பணத்தை இனிமேல் மோட்டாரை ஓட்டாமல் இருப்பதற்குக் கொடுங்கள். கடலோர வட்டங்களில் சொர்ணவாரி எனும் கோடைப் பட்டத்து (பருவத்து) நெல்லைக் கைவிட முன்வருகிற விவசாயிக்கு, விட்ட ஏக்கருக்கு ஏற்ப ஈடு கொடுங்கள். அதோடு சேர்த்து, நகரத்துக்குள் புல்தரைக்கும் அலங்காரச் செடிக்கும் நல்ல தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, கொடுங்கையூரில் சுத்திகரிக்கும் கழிவுநீரை அவற்றுக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துச் செய்தால்தான் பலன் இருக்கும். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் திருவொற்றியூரில் வாழ்கிறவள். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அம்மா பிறந்த ஊர் பொன்னேரிக்குப் பக்கம். மாமா பிள்ளைகள் இன்றும் அங்கே பயிர் வைக்கிறார்கள். ஆகையால் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பவர்களின் கோபமும், வரப்பில் நிற்பவர்களின் கோபமும் எனக்கு ஒரே வீட்டுப் பேச்சாகவே காதில் விழுந்திருக்கிறது.

நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் வடக்கே நமக்கு நிலத்தடித் தொட்டி. 1960களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில் இந்த மணற்படுகையின் வளம் அளந்து அறியப்பட்டது. அதன் பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வாரியத்தின் கிணற்றுத் தொகுதிகள் வந்தன. மணலி, திருவொற்றியூர் வட்டாரத் தொழிற்சாலைகளும் குழாய்களும் பல காலம் இந்தத் தண்ணீரில்தான் ஓடின.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், கீழே நாற்பது மீட்டர் கைவிட்டுப் போகும். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. 1969 வாக்கில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, அடுத்து வந்த பத்தாண்டுகளில் உள்நாட்டுக்குள் நகர்ந்து, பிந்தைய ஆய்வுகளில் 10 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டுகளில் கொஞ்சம் பின்வாங்கும். ஆனால் ஒரு முறை உப்பேறிய மணலைக் கழுவி எடுக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில், கடல் நீரை மின்சாரம் செலவழித்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீராக்கும் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும் வேலை. அதற்குச் சில கிலோமீட்டர் மேற்கே, இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் நன்னீரை இறைத்து அந்த இடத்துக்குக் கடலை உள்ளே வரவழைக்கின்றன. இரண்டு மின்சாரத்துக்கும் அரசுதான் பணம் கட்டுகிறது.

விவசாயி மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. தண்ணீரை முதலில் எடுத்தது நகரம். 1772-இல் ஏழுகிணற்றில் கிணறு வெட்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனதில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் நகரம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கேயும் மேற்கேயும் கை நீட்டியிருக்கிறது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்துச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திருப்பிய திட்டம் 1872-இல் முடிந்தது. அதற்கு முன் அவை ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்ந்த ஏரிகள். நெல்லுக்குப் போன தண்ணீர் நகரத்துக்கு வந்தது. அந்த வயல்கள் கிணற்றையும் போரையும் நம்ப வேண்டியதாயிற்று. பிறகு அந்த நிலத்தடி நீரையும் நகரம் கேட்டது. மீஞ்சூர்ப் பக்கம் கிணறு உப்பாகிப் பயிரை விட்டவர்கள் பலர். அவர்களுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. மாமா மகன் ஒருமுறை சொன்னது: "அக்கா, எங்ககிட்ட இருந்து நல்ல தண்ணி போச்சு, வந்தது உப்பு. இப்ப வந்து சிக்கனமா இருன்னு சொன்னா எப்படி?" அவன் கேட்பது நியாயம். ஆகையால்தான் கட்டாயப்படுத்தாமல் ஈடு கொடுத்துச் செய்யுங்கள் என்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம். சம்பா வடகிழக்கு மழையில் நிற்கிறது. நவரைக்கு மழை விட்டுச்சென்ற ஈரமும் ஏரித் தண்ணீரும் ஓரளவு கைகொடுக்கும். சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். ஏரிகள் அடிமட்டத்துக்குப் போய், நகரத்தில் குழாய் காய்ந்து, நிலத்தடி மட்டம் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து, கடல் உள்ளே தள்ள மிகத் தோதான மாதங்களில்தான் நிலத்தில் தேங்கி நிற்கும் தண்ணீர் வேண்டும் பயிரை நடுகிறோம்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பட்டத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டர் ஆகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுப்படி பார்த்தால் ஏறத்தாழ நூறு பேருக்கு ஓராண்டுக்குக் காணும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயில் இரண்டு நடை வந்தால்தான் ஒரு ஏக்கர் சொர்ணவாரியின் அளவுக்கு ஈடாகும்.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. அதை மறைத்தால் விவசாயிக்கு அநியாயம். வயலில் கட்டும் தண்ணீர் முழுவதும் போய்விடுவதில்லை. மணல் பாங்கான நிலத்தில் ஒரு பகுதி மறுபடி கீழே இறங்குகிறது. சம்பா வயல்கள் மழையைப் பிடித்து வைத்து நிலத்தடிக்குக் கொடுப்பவை. அவற்றை மூடி மனை போட்டால் நமக்குத்தான் நட்டம். எனவே விவசாயமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மழைக்காலத்து நெல் இருக்கட்டும், காக்கப்படட்டும். கடலோர வட்டங்களில் கோடை நெல் மட்டும் ஓய்வெடுக்கட்டும். அந்த இடத்தில் உளுந்து, எள், கேழ்வரகு என்று குறைந்த தண்ணீரில் வருவதைப் போடலாம். சும்மாவும் விடலாம்.

நெல்தான் வேண்டும் என்பவர்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை இருக்கிறது. நிலத்தில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த தண்ணீர் கட்டுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. விளைச்சல் குறையாமல் தண்ணீர் மிச்சமாகும். ஆனாலும் பலர் செய்வதில்லை. சோம்பல் காரணமில்லை. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாதவன், வரும்போது ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகத்தான் செய்வான். நேரம் உறுதியாகத் தெரிந்தால் நிறுத்திப் பாய்ச்ச மனம் வரும்.

1990 முதல் பாசன மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். சிறு விவசாயியின் கடைசிப் பிடிமானம் அது. ஆனால் இலவசம் என்பதற்காக அளக்கவே கூடாது என்றில்லை. ஒவ்வொரு மோட்டாரிலும் மீட்டர் வைத்தால் நாளை பில் வரும் என்று பயப்படுவார்கள், அந்தப் பயம் புரிகிறது. துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் பாசன மின்தடத்தில் அளந்தால் போதும். எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று தெரிந்தால், நீர்மட்டத்தோடு சேர்த்து எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று கணக்கிடலாம். ஏரிகளின் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். புழலில் 3,300 மில்லியன் கன அடியில் இன்று எவ்வளவு நிற்கிறது என்று தேநீர்க் கடையில்கூடப் பேசிக்கொள்கிறோம். மண்ணுக்கு அடியில் இருக்கும் ஏரியைப் பற்றி அப்படி ஒரு வரிகூட யாருக்கும் தெரிவதில்லை. இந்தியாவில் இறைக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பாசனத்துக்குப் போகிறது. அந்தப் பங்கை விட்டுவிட்டு நகரக் குழாயை மட்டும் அளப்பது பாதிக் கணக்குகூட ஆகாது.

அளவைவிடத் தரம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் போட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பங்கு காற்றில் போகிறது, ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு மணலுக்குள் இறங்குகிறது. களிமண்ணில் மெதுவாக இறங்கும். ஆற்று மணலில் தடையே இல்லை. அப்படி இறங்கிய தண்ணீரையே மறுபடி இறைத்து, மறுபடி உரம் போட்டு, மறுபடி இறக்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பையும் நைட்ரேட்டையும் விட்டுச்செல்கிறது.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். இதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. எங்கள் தெருக்களில் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தால் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடு என்பார்கள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். ஒரு தாய் கவனமாக இருக்க நினைத்துச் செய்வதே கெடுதலாகிவிடும். எண்ணூர், எர்ணாவூர், மணலிப் பக்கம் லாரித் தண்ணீரையும் அடிபம்பையும் கலந்து பயன்படுத்தும் வீடுகளில் எந்தக் குடத்தில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நகரத்துக்குள் நைட்ரேட்டுக்கு உரத்தைவிடக் கசியும் சாக்கடைதான் பெரிய காரணமாக இருக்கக்கூடும். எதனால் என்றாலும் கிணறு வாரியாகச் சோதித்துச் சொல்ல வேண்டிய கடமை உங்களுடையது. உப்பும் குளோரைடும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று தமிழில், பகுதி அலுவலக வாசலில், எண்ணாக எழுதி ஒட்டுங்கள். "குடிக்கத் தகுந்தது" என்ற ஒரு வரி போதாது.

உரம் ஏரிக்கும் வருகிறது. வயல் வடிகாலும் சாக்கடையும் சேர்ந்து கொண்டுவரும் நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும்தான் ஆகாயத்தாமரை கொழுக்கிறது. கொளத்தூர்ப் பக்கத்து இரட்டை ஏரியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அள்ளி எடுக்க எடுக்க முளைப்பதன் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் அந்த உரம்.

இனிப் புல்தரை. வடசென்னையில் புல்தரை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் பெரம்பூரிலிருந்து மாதவரம் வழியாகப் புழல் வரை ஒரு முறை போய்வர வேண்டும். பழைய மில்களும் கிடங்குகளும் இருந்த இடங்களில் அடுக்குமாடி வளாகங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. விளம்பரப் படத்தில் முதலில் வருவது பச்சைப் பசேல் என்ற கொரியன் புல். எனக்குத் தெரிந்த ஒரு வளாகத்தில் மே மாத நடுப்பகலில் தெளிப்பான் சுழல்கிறது. அதே வாசலில் லாரி நின்று கீழ்த்தொட்டியில் தண்ணீர் இறக்குகிறது. அந்த லாரி வடக்கே எந்தத் தோட்டத்துக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்தது என்று குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. மீஞ்சூர் மணலிலிருந்து வந்த தண்ணீர் மாதவரத்துப் புல்லில் ஆவியாகிறது.

நம் கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டராவது வேண்டும். ஒரு கிரவுண்டு புல்தரை 223 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 1,100 லிட்டர், அதாவது எட்டுப் பேரின் முழு நாள் தண்ணீர். அதுவும் சொட்டுக்கூட வீணாகாமல் காலையில் பாய்ச்சினால். நடுப்பகல் தெளிப்பானில் ஒரு பகுதி காற்றோடு போகிறது. நெல்லாவது அரிசி தருகிறது. ஒரு விவசாயியிடம் போய்ச் சொர்ணவாரியை விடு என்று கேட்கும் முன்னால், நகரம் தன் புல்லை விட்டுக் காட்ட வேண்டும். அளவில் சிறியதுதானே என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். மாமா மகன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதைப் பற்றித்தான் இருக்கும்.

வழி நம் கையிலேயே இருக்கிறது. மணலித் தொழிற்சாலைகள் 1990களிலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்து மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறீர்கள். வாரியம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது. ஆலைக்கு ஆகும் தண்ணீர் கொரியன் புல்லுக்கு ஆகாதா? புல்லுக்கு அவ்வளவு தூரம் சவ்வூடு வடிகட்டிக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்கு (நுண்ணுயிர்களால் கழிவைச் சிதைப்பதற்கு) பிறகு மணலில் வடித்துக் கிருமி நீக்கினால் போதும். பெரம்பூரும் மாதவரமும் கொடுங்கையூரிலிருந்து கூப்பிடு தூரம். பெரிய வளாகங்கள் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கின்றன. ஆனால் அந்த நீரை மழைநீர் வடிகாலில் விடும் வளாகங்கள் எத்தனையோ. கோடை மாதங்களில் புல்லுக்கு லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது என்று ஓர் ஆணை போடுங்கள். நிலத்தடி நீரை எடுப்பதையும் லாரியில் கொண்டுசெல்வதையும் முறைப்படுத்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புதிதாக ஒன்று இயற்ற வேண்டியதில்லை.

வயலுக்கு அதே நீரைக் கொண்டுபோவதில் எச்சரிக்கை தேவை. கழுவிப் பச்சையாக உண்ணும் கீரைக்கும் வெள்ளரிக்கும் அது கூடாது. மாட்டுத் தீவனப் புல், மல்லி, சவுக்கு இவற்றுக்குத் தரலாம். தொழிற்சாலைக் கழிவு கலந்துவிட்டால் உலோகங்கள் மண்ணில் தங்கும். ஆகையால் கலக்காத சாக்கடைத் தடத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சுத்திகரித்த நீரில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். அதை வாங்குகிற விவசாயி யூரியாவைக் குறைக்க வேண்டும் என்பதை வேளாண் துறை வந்து சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நைட்ரேட்டுக்கு இரண்டு நைட்ரேட்டாகிவிடும்.

கிருஷ்ணா நீர் பற்றியும் ஒரு வார்த்தை. 1983 ஒப்பந்தப்படி சேதாரம் போக 12 டி.எம்.சி. வர வேண்டும். பல ஆண்டுகளில் அது முழுதாக வந்ததில்லை. கண்டலேறு கால்வாயின் வழியெல்லாம் பயிருக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். ஆந்திர விவசாயிக்கும் வெயில் ஒன்றுதான், பயிர் ஒன்றுதான். பொன்னேரி விவசாயியோடு ஒரு நேர்மையான உடன்பாட்டை நாம் முதலில் செய்து காட்டினால், அங்கே போய்ப் பேச நமக்கும் ஒரு முகம் இருக்கும்.

ஈட்டுத் தொகையைப் பற்றிச் சிலவற்றைத் திட்டமாகக் கேட்கிறேன். அது நிலத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் போய்விடக்கூடாது. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் பயிர் வைப்பவர்கள் அந்தப் பக்கம் நிறைய. சொர்ணவாரி நின்றால் நாற்று நடும் பெண்களுக்கு அந்த மாதக் கூலி போய்விடும். அவர்களுக்கு ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாரும் வேலையையாவது அதே மாதங்களில் கொடுங்கள். தொகையை நடவு தொடங்கும் முன்னால் கொடுங்கள், அறுவடைக்குப் பிறகு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். கொசஸ்தலையாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் உப்பு ஏறிவரும் விளிம்பில் இருக்கும் சில ஊர்களில் ஒரு பட்டம் செய்து பாருங்கள். அந்த ஊர்க் கிணறுகளின் மட்டத்தையும் குளோரைடையும் பங்குனியிலும் ஆடியிலும் அளந்து, பக்கத்து ஊரோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். பலன் இல்லையென்றால் அந்த எண்களே சொல்லிவிடும்.

தை முடிவதற்குள் மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ ஒரு கூட்டம் கூட்டுங்கள். ஏரிப் பாசன விவசாயிகள், குத்தகைதாரர்கள், மின்வாரியம், வேளாண் துறை, மாதவரம் பக்கத்து குடியிருப்போர் சங்கங்கள், திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே பந்தலில் உட்காரட்டும். நாற்றங்கால் விட்ட பிறகு பேசிப் பயனில்லை. சித்திரைக்கு முன் விவசாயிக்குத் தொகையும் தெரிய வேண்டும், தேதியும் தெரிய வேண்டும். கூட்டத்துக்கு நான் வருகிறேன். மாமா மகனையும் அழைத்து வருகிறேன். அவன் என்னைவிட நன்றாகக் கணக்குக் கேட்பான்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் குடியிருப்பாளர் ஒருவர்
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை